"டி.சி. வாங்கிட்டுப் போங்க" என்கிறார் தலைமை ஆசிரியர்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பீடி சுற்றுகிறார், கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் ஊர், பள்ளி, சாதிப் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. டவுன் பஸ்ஸில் போய் வருகிற அரசு உதவி பெறும் பள்ளி. ஊர்க் கோயில் ஆடிக் கொடை விழாவுக்குக் கட்டிய காப்புக் கயிற்றோடு போனவனை, வேறு சாதியைச் சேர்ந்த பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் இருவர், "இது எங்க கலருல, நீ எப்படில கட்டலாம்?" என்று கேட்டு, பிளேடால் கயிற்றை அறுத்திருக்கிறார்கள். மணிக்கட்டில் கீறல். அன்றிலிருந்து பஸ்ஸில் அவர்களுக்குப் பையைப் போட்டு சீட்டுப் பிடிக்க வேண்டும், பையைச் சுமக்க வேண்டும், தினமும் பத்து ரூபாய் கொடுக்க வேண்டும். கழிப்பறைக்குப் போனால் பின்னாலேயே வந்து பிடரியில் அடிக்கிறார்கள். ஒருமுறை அதை வீடியோ எடுத்து ரீல்ஸ் போட்டிருக்கிறார்கள். செல்போனைப் பிடித்து வீடியோ எடுத்தவன் இவர்கள் தெருப் பையன், இவன் வகுப்புத் தோழன்.

வீட்டில் இது எதுவும் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது டாக்டர், "தண்ணி குடிக்கியா இல்லியாப்பா?" என்று கேட்டிருக்கிறார். "குடிச்சா ஒண்ணுக்குப் போகணும்லா" என்றிருக்கிறான் பையன். அதற்குப் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

தலைமை ஆசிரியரைப் பார்த்தபோது, "பசங்கன்னா அப்படித்தாம்மா. பஸ்ல நடக்கிறதுக்கு நான் என்ன பண்ண முடியும்? பிடிக்கலன்னா டி.சி. வாங்கிட்டுப் போங்க" என்றாராம். கொழுந்தனார் பி.சி.ஆர். (சாதி வன்கொடுமை) கேஸ் போடச் சொல்கிறார். தம்பி, நாலு பேரோடு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றால் சரியாகிவிடும் என்கிறார். "பள்ளியில் கேலி செய்தால் 3 வருடம் ஜெயில், புதிய சட்டம் வந்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பிலும் ஒரு செய்தி வந்திருக்கிறது. கயிறு கட்டியது எங்கள் தப்பா என்றும் கேட்கிறார். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "நாங்குநேரிப் பையனும் வாயைத் திறந்ததாலதான வெட்டுப்பட்டான், வக்கீல் சார்? பேசாம இருந்திரவா?"

அம்மா, சட்டத்துக்கு முன்னால் ஒன்று. கடிதத்தில் மூன்று இடத்தில் "என் பையன் பயந்தாங்கொள்ளி" என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் பூராவும் தாகத்தை அடக்கிக்கொண்டு, மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறிப் போகிற பையன் பயந்தாங்கொள்ளி இல்லை. "நீ ஏம்ல திருப்பி அடிக்கல?" என்று வீட்டில் யாரும் அவனைக் கேட்க வேண்டாம். இருவர், அதுவும் இரண்டு வகுப்பு மூத்தவர்கள், கூட ஒரு செல்போன். அவன் என்ன செய்திருக்க முடியும்?

அந்த வாட்ஸ்அப் செய்தி

நம்ப வேண்டாம். பள்ளி மாணவர்களுக்குள் நடக்கிற துன்புறுத்தலுக்கென்று நாடு முழுமைக்கும் தனியாக ஒரு சட்டம் கிடையாது. இருப்பதெல்லாம் வேறு வேறு சட்டங்களில் கிடக்கிற துண்டுகள். அந்த "3 வருடம்" எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு, குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைத் துன்புறுத்தினாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ 3 ஆண்டு வரை சிறை என்கிறது. அது பெரியவர்களுக்கான பிரிவு. பதினொன்றாம் வகுப்புப் பையனுக்குப் பொருந்தாது.

கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். 2009-ஆம் ஆண்டு வந்த அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு, எந்தக் குழந்தையையும் உடலாலோ மனதாலோ வதைக்கக் கூடாது என்கிறது. ஆனால் அது 6 முதல் 14 வயதுக்கு, எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். உங்கள் மகன் ஒரு வகுப்பு தாண்டிவிட்டான்.

அப்படியானால் அந்தப் பையன்களை ஜெயிலுக்கு அனுப்ப முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது, அம்மா. 18 வயது நிறையாதவர்களை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். கண்டித்து அனுப்புவது, பையனுக்கும் பெற்றோருக்கும் கவுன்சலிங், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு, மிஞ்சிப்போனால் சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டு வரை என்று அதன் அதிகாரம் போகும். பெரியவர்களைப் போல் விசாரிக்கலாமா என்ற பேச்சே, 16 வயது கடந்தவன் கொலை மாதிரிக் கொடுங்குற்றம் செய்தால்தான் வரும். உங்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இது சரியாகவே படுகிறது. 16 வயதுப் பையனை ஜெயிலில் போட்டு, வெளியே வரும்போது அவன் யாரோடு சேர்ந்து வருவான் என்பதை இந்த மாவட்டத்து நீதிமன்ற வாசலில் நின்றால் பார்க்கலாம்.

பள்ளியை எதில் பிடிக்கலாம்

உங்கள் தலைமை ஆசிரியர் சொன்னதில் பெரிய தவறு இங்கேதான் இருக்கிறது.

1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொன் நாவரசு என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. எல்லோரும் அதைக் கல்லூரிச் சட்டம் என்றே நினைக்கிறார்கள், போலீஸ் உட்பட. சட்டத்தைப் படித்தால் "கல்வி நிறுவனம்" என்றுதான் இருக்கிறது. பயமோ, வெட்கமோ, மனவேதனையோ உண்டாக்குகிற செயல். கேலி செய்வது, வைவது, காயப்படுத்துவது. ஒரு மாணவன் தானாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வது, எல்லாமே ராகிங். பையைச் சுமப்பதும் சீட்டுப் பிடிப்பதும் இதில் அப்படியே வந்து உட்காருகிறது. அதைவிட முக்கியம், கல்வி நிறுவனத்துக்கு உள்ளேயும் சரி, வெளியேயும் சரி, ராகிங் கூடாது என்கிறது அந்தச் சட்டம். ஆகவே "பஸ்ல நடக்கிறதுக்கு நான் என்ன பண்ண" என்ற பதில் செல்லாது.

அடுத்தது இன்னும் கூர்மையானது. புகார் வந்தால் நிறுவனத் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். உண்மை என்று தெரிந்தால் அந்த மாணவனை இடைநீக்கம் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், அவரே குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததாகக் கருதப்படுவார். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். பள்ளிகளுக்கு இதைப் பயன்படுத்துவது அபூர்வம் என்பதால் ஸ்டேஷனில் "இது காலேஜுக்குத்தாம்மா" என்று முதலில் தட்டிக்கழிப்பார்கள். அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பும் உங்களுக்குத் துணையாக நிற்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன இடத்தில் இறந்துபோன ஒரு மாணவியின் தந்தை நடத்திய வழக்கு அது. பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் கட்டாய நெறிமுறைகள் போட்டது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது வேண்டும். சாதி முதலிய காரணங்களால் நடக்கும் துன்புறுத்தலை ரகசியமாகப் புகார் செய்ய வழி வேண்டும். புகார் செய்தவரைப் பழிவாங்கினால் பொறுத்துக்கொள்ளக் கூடாது. நிர்வாகம் நேரத்தில் நடவடிக்கை எடுக்காவிட்டால் அது நிறுவனத்தின் குற்றமாகவே பார்க்கப்படும். உரிய சட்டம் வரும்வரை இதுதான் சட்டம் போலச் செல்லும்.

வெளிநாடுகளிலும் சட்டம் போன திசை இதுதான். ஜப்பானில் 2011-இல் ஓட்சு நகரத்து மாணவன் ஒருவன் தற்கொலை செய்துகொண்ட விவகாரம் பெரிதாகி, 2013-இல் தனிச் சட்டம் வந்தது. அதில் துன்புறுத்தும் மாணவனுக்குத் தண்டனைப் பிரிவே கிடையாது. பள்ளிக்கும் கல்வித் துறைக்கும்தான் வேலை வைத்தார்கள்: கண்டுபிடி, பதிவு செய், விசாரி, மேலே தெரிவி. அதன் பிறகு பதிவான சம்பவங்கள் ஏறக்குறைய ஆண்டுதோறும் கூடி, 2023 கல்வியாண்டில் 7 லட்சத்தைத் தாண்டின. பையன்கள் அவ்வளவு கெட்டுப்போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முன்பு கணக்கில் வராதவை வரத் தொடங்கியதும் அதில் பெரிய பங்கு. நம் ஊர்ப் பள்ளிகளுக்கு இந்த எண்ணிக்கைதான் பயம். ஒரு புகார் பதிவானாலே பள்ளியின் பேர் கெட்டுவிடும் என்று நினைக்கிறார்கள். அதனால்தான் எல்லாவற்றையும் வாய்ப்பேச்சிலேயே முடித்து அனுப்பப் பார்க்கிறார்கள்.

நீங்கள் இதுவரை செய்ததும் வாய்ப்பேச்சுதான். தலைமை ஆசிரியரைப் பார்த்தீர்கள், அழுதீர்கள், திரும்பி வந்தீர்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால், "அந்தம்மா எங்கிட்ட எதுவுமே சொல்லலியே" என்று அவர் சொல்லலாம். எழுத்தில் கொடுங்கள். தமிழில், வெள்ளைத் தாளில், உங்கள் கையெழுத்தில் போதும். "என் மகனை ரொம்ப நாளாக டார்ச்சர் செய்கிறார்கள்" என்று எழுதினால் பயன் இல்லை. "ஆகஸ்ட் 12, மதியச் சாப்பாட்டு மணி அடித்த பின், மாடிக் கழிப்பறை வாசலில், பதினொன்றாம் வகுப்பு இன்னார் பிடரியில் மூன்று முறை அடித்தார், இன்னார் கதவை மறித்து நின்றார், இன்னார் செல்போனில் படம் எடுத்தார்" என்று எழுத வேண்டும். ஒவ்வொரு சம்பவமும் ஒரு பத்தி. தேதி மறந்துவிட்டால் "கொடை முடிந்த மறு திங்கள்" என்று எழுதினாலும் சரிதான். கடைசியில், 1997 சட்டப்படி உடனே விசாரிக்கும்படி கேட்கிறேன் என்று ஒரு வரி. ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டின் நகலைச் சேருங்கள். பையன் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று டாக்டர் அதில் குறித்திருந்தால், அதைவிட நல்ல சாட்சியம் வேறு இல்லை. நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு, ஒன்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு.

ரீல்ஸ் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். அழியும் முன் அந்தப் பதிவின் முகவரியும் கணக்கின் பெயரும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எடுத்த போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம், கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது அந்தப் போன் தேவைப்படும். ஆனால் உங்கள் தம்பி சொன்னாரே, வீடியோவை "ஊர் குரூப்ல போட்டு நாறடிச்சிருவோம்" என்று, அது வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது உங்கள் மகனின் முகம். பாதிக்கப்பட்ட சிறுவன், குற்றம் சாட்டப்பட்ட சிறுவன் இருவரின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. மீறினால் கேஸ் உங்கள் பக்கம் திரும்பும்.

நாங்குநேரி பயம்

இதற்கு நான் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பயம் வீண் பயம் இல்லை.

2023 ஆகஸ்ட் 9 இரவு, வள்ளியூரில் பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, உடன் படித்த மாணவர்களே நாங்குநேரியில் அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. டார்ச்சர் தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தவன், பள்ளியில் காரணம் கேட்டபோது சொன்னான். பெயர் வெளியே வந்த பிறகு அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். (அந்தப் பையன் அடுத்த ஆண்டு பிளஸ் டூவில் 469 மதிப்பெண் எடுத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறோம்.)

அப்படியானால் பேசாமல் இருப்பது பாதுகாப்பா? அந்தப் பையன் பேசாமல் இருந்த நாளெல்லாம் டார்ச்சர் ஓயவில்லை. அவன் படிப்புதான் நின்றது. எனக்குத் தெரிவது இது: பெயர் வெளியே வருவதற்கும் பாதுகாப்பு வந்து சேர்வதற்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் ஆபத்து. அந்த இடைவெளியை விடாமல் புகார் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

எனவே பள்ளிக்கு ஒரு நாள், போலீசுக்கு இன்னொரு நாள் என்று போகாதீர்கள். ஒரே நாளில், காலையில் பள்ளி, அங்கிருந்து நேரே காவல் நிலையம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நல காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவரைக் கேட்டுப் பார்த்துக் கொடுங்கள். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால், கொடுங்குற்றம் இல்லாதவரை, பொதுவாக எஃப்.ஐ.ஆர். போடாமல் பொது நாட்குறிப்பில் பதிந்து குழுமத்துக்கு அனுப்புவதே முறை. ஆகவே எஃப்.ஐ.ஆர். இல்லை என்று மனம் உடைய வேண்டாம். புகாரிலேயே பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு பத்தி எழுதுங்கள்: மாலை பஸ் நேரத்தில் ஸ்டாப்பில் ரோந்து, இரவில் உங்கள் தெருப் பக்கம் ஒரு சுற்று. அந்த ஒரு வாரம் பையன் ஆச்சி வீட்டில் இருக்கட்டும். மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுங்கள்.

பள்ளியிடம் தெளிவாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பையன்களைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க மேல இன்னான் புகார் குடுத்திருக்கான்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பெற்றோரை வரவழைத்து, அவர்கள் கையில் ஒப்படைத்துத்தான் விசாரிக்க வேண்டும். உங்கள் மகனை அவர்கள் எதிரில் நிறுத்தி, "கை குடுத்துக்கோங்கல" என்று சமாதானம் செய்வது நம் பள்ளிகளில் பழக்கம். அதற்கு ஒப்பவே ஒப்பாதீர்கள்.

தம்பியின் யோசனை பற்றி ஒரே வார்த்தை: கூடாது. பெரிய ஆள் நாலு பேர் சின்னப் பையனைத் தொட்டால், அன்று மாலையே கவுன்ட்டர் கேஸ் வரும். அதில் வயது வந்தவர்கள் உங்கள் ஆட்கள் மட்டும்தான், ஆகவே ஜெயிலுக்குப் போவதும் அவர்கள்தான். பஸ் ஸ்டாப்பில் தொடங்குவது ஊர்ப் பகையாக எப்படி மாறும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கயிறு

கட்டியது உங்கள் தப்பு இல்லை. சாமி கயிறைச் சாதிக் கயிறாக ஆக்கியது நீங்கள் இல்லை. ஆனால் நம் மாவட்டத்தில் கயிறு உயிரைக் குடித்திருக்கிறது. 2022-இல் அம்பாசமுத்திரம் பக்கத்து அரசுப் பள்ளியில் கயிறு தொடர்பான தகராறில் ஒரு பிளஸ் டூ மாணவன் இறந்தான். 2019-லேயே பள்ளிக்கல்வித் துறை இதற்கு எதிராக ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நடைமுறையே தொடரும் என்று அப்போதைய அமைச்சர் சொல்லிவிட்டார். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரையே அங்கே தலைமை ஆசிரியராகப் போடக் கூடாது என்பது வரை போனது. பரிந்துரை என்பது பரிந்துரைதான். அதை வைத்து யார் மேலும் கேஸ் போட முடியாது.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், பள்ளி வாசலோடு எல்லோருடைய கயிறும் நிற்க வேண்டும். கோயில் கயிறு எது, சாதிக் கயிறு எது என்று பி.டி. வாத்தியார் பிரித்துப் பார்க்க முடியாது. உங்கள் மகனை மட்டும் கழற்றச் சொன்னால் அது வேறு விஷயம். அதை எழுத்தில் கேளுங்கள்.

பி.சி.ஆர். போடலாமா?

நீங்கள் பட்டியல் சாதி. கயிறு அறுத்த இருவரும் இல்லை. பொது இடத்தில், பிறர் பார்க்க, இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். பஸ்ஸும் பள்ளி வராந்தாவும் அப்படிப்பட்ட இடங்கள்தான். சாதிப் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சாதியைக் காரணமாக வைத்து அவமதித்தார்கள் என்று காட்ட முடிய வேண்டும். "எங்க கலரு" என்ற பேச்சு அதற்கு உதவும். ஆனால் கழிப்பறைக்குள் யாரும் பார்க்காமல் நடந்த அடி, இந்த அவமதிப்புப் பிரிவில் நிற்பது கஷ்டம்.

கொழுந்தனார் நினைப்பது போல, இதைப் போட்டால் பையன்கள் உள்ளே போய்விடுவார்கள் என்பது தவறு. எந்தச் சட்டம் போட்டாலும் சிறுவர்களை விசாரிப்பது அதே குழுமம்தான். இதில் கிடைக்கிற உண்மையான பலன் வேறு: டி.எஸ்.பி. நிலை அதிகாரி விசாரிப்பார், அரசு நிவாரணம் உண்டு, பாதுகாப்புக் கேட்க உறுதியான பிடி கிடைக்கும். தகவல் மறைக்காமல் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எந்தப் பிரிவு என்பதைப் போலீசும் வக்கீலும் பார்த்துக்கொள்ளட்டும். நடக்காத ஒரு சாதி வசவைச் சேர்த்து எழுதச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், கேட்காதீர்கள். அந்த ஒரு பொய் மற்ற உண்மை எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

உங்கள் தெருப் பையன் விஷயம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அவனும் உங்கள் சாதிதான் என்பதால் அவன் மேல் வன்கொடுமைச் சட்டம் வராது. அவன் செய்ததை விடாமல் எழுத வேண்டும். ஆனால் அவனை மற்ற இருவரோடு ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். போனைப் பிடித்தால் தன்னை விட்டுவிடுவார்கள் என்று அவன் நினைத்திருக்கலாம். புகார் கொடுக்கும் முன் அவன் அம்மாவைப் போய்ப் பாருங்கள். சண்டைக்கு இல்லை. அந்த வீடியோவின் மூலப் பதிவு அவன் போனில் இருக்கும். அவன் வாயைத் திறந்தால் உங்களுக்கு அவனைப் போல ஒரு சாட்சி கிடையாது.

டி.சி. பற்றி

தலைமை ஆசிரியரால் உங்களை டி.சி. வாங்க வைக்க முடியாது. அதே நேரம், மாற்றிக்கொண்டு போவதை நான் கேவலமாக நினைக்கவில்லை. அரை வருடத்துக்குள் அவன் அங்கே நிம்மதியாகப் படிக்க முடியாது என்று தெரிந்தால், மாற்றுங்கள். பத்தாம் வகுப்புக்குப் போய் மாற்றுவதைவிட இப்போதே நல்லது. ஒரே நிபந்தனை, முதலில் புகார், அப்புறம் டி.சி. விண்ணப்பத்தில் "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று எழுதச் சொல்வார்கள். "மகனின் பாதுகாப்புக் கருதி, இன்ன தேதியில் கொடுத்த புகாரைத் தொடர்ந்து" என்று எழுதுங்கள். புதிய பள்ளி அதே பஸ் ரூட்டில் இருந்தால் மாற்றியும் பயன் இல்லை என்பதையும் பாருங்கள்.

பையனிடமும் கேளுங்கள். இதுவரை கடிதத்தில் எல்லோருடைய யோசனையும் இருக்கிறது, அவனுடையது இல்லை. உங்களிடம் சொல்ல முடியாததை வேறு யாரிடமாவது சொல்ல விரும்பினால் 1098 குழந்தைகளுக்கான உதவி எண். மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் காசு கிடையாது. கல்வித் துறையின் 14417 எண்ணிலும் புகார் சொல்லலாம். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, செத்துப்போகலாம் என்பது போல ஏதாவது பேசினான் என்றால், புகாரெல்லாம் பிறகு. அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

பள்ளி அசையாவிட்டால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். மனு நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள்.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்களுக்கு மூன்று வகையிலும் தகுதி இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். புகாரை எழுதவே அவர்கள் ஆள் தருவார்கள். போகும்போது சாதிச் சான்றிதழ் நகல், பையனின் பிறப்புச் சான்றிதழ், ஓ.பி. சீட்டு, ஸ்கிரீன்ஷாட் உள்ள போன், சம்பவங்களைத் தேதிவாரியாக எழுதிய தாள், இவற்றை ஒரே பையில் எடுத்துப் போங்கள். பீடிக் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் போனால் அங்கே கூட்டம் அதிகம்.